புழு மனையில் ஐம்பத்திரண்டு ஞாயிறு

வெங்கடம்மாள் தன் புழு மனைக்குள் வெளி ஆள் ஒருவரை விட்டிருக்கிறாள் என்ற செய்தி வந்தபோது நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அதைத் திருப்பிப் போடாமலே சன்னலுக்குப் போனேன். என் சமையலறைச் சன்னல் நேராக அவள் மனையின் வாசலைப் பார்த்திருக்கும். வீடு கட்டும்போது காற்று வரட்டும் என்று வைத்த சன்னல். காற்றும் வரும்.

வாசலில் ஒரு சைக்கிள் நின்றது. உள்ளே கௌஸ் மொய்தீன் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் பட்டுப்புழு வளர்க்கிற வீட்டைப் பார்த்ததில்லை. அது ஏறக்குறைய பிரசவ அறை. பீடி குடித்தவர், வெற்றிலை போட்டவர், தலைக்கு வாசனை எண்ணெய் வைத்தவர் யாரும் படி ஏறக்கூடாது. புழுவுக்கு ஆகாது. மற்றவர்கள் இதைப் பாதி கடைப்பிடிப்பார்கள். வெங்கடம்மாள் முழுதாகக் கடைப்பிடிப்பாள். சொந்தக் கொழுந்தன் நாராயணப்பனையே வாசலில் நிறுத்திப் பேசி அனுப்புகிறவள். நான் பதினான்கு வருஷமாகப் பக்கத்து வீட்டுக்காரி. வலை அடித்த சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேனே தவிர, உள்ளே ஒரு கால் வைத்ததில்லை. அந்த மனைக்குள் ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கிற பாய் ஒருவர் நிற்கிறார் என்றால் தோசை கருகினால்தான் என்ன?

கௌஸ் மொய்தீனை எங்கள் கொட்டாய் முழுக்கத் தெரியும். கொட்டாய் என்றால் இந்தப் பக்கம் சின்ன ஊர். அது எண்பத்தேழாம் வருஷம். ஓசூரில் மாதத்துக்கு ஒரு கம்பெனி திறந்தார்கள். கம்பெனி என்றால் அடையாள அட்டை வேண்டும், அட்டை என்றால் போட்டோ வேண்டும். கௌஸ் மொய்தீன் ஒரு நாளைக்கு எண்பது பேரை ஸ்டூலில் உட்காரவைத்து, "சிரிக்காதீங்க" என்று சொல்லி எடுத்து அனுப்புவார். ஆறு நாள் அப்படி. ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, கேமராவை மாட்டிக்கொண்டு எங்கள் கொட்டாய் வழியாகத் தென்பெண்ணை ஆற்றுக்குப் போவார். சைக்கிளை வெங்கடம்மாளின் மல்பெரித் தோட்டத்து வேலியில் சாய்த்துவிட்டு, ஆறு வளைகிற இடத்தில் ஒரு கல்லின் மேல் ஏறி நின்று, ஒரே ஒரு போட்டோ எடுப்பார். திரும்பிவிடுவார். அடுத்த ஞாயிறு அதே கல், அதே வளைவு. ஒரு வருஷம் இப்படி.

போட்டோவில் ஆள் கிடையாது. மாடு கிடையாது. தண்ணீர் மட்டும்.

ஆள் இல்லாத போட்டோவுக்கு எவனாவது பிலிம் செலவழிப்பானா? கொட்டாயில் இதற்கு மூன்று பதில்கள் உலவின. ஆற்றோரத்து நிலத்தை எல்லாம் ஏதோ கம்பெனி எடுக்கப்போகிறது, பாய் அவர்களுக்கு முன்கூட்டியே படம் பிடித்துக் கொடுக்கிறார் என்பது ஒன்று. மணல் அள்ளுகிறவர்களைப் பிடிக்க வந்த அரசாங்க ஆள் என்பது இரண்டாவது. மணல் அள்ளுகிறவர்கள் சொன்னது. மூன்றாவதை நான் சொன்னேன் என்று பின்னால் பழி வந்தது. ஒரே வேலியில் ஒரே சைக்கிள் ஐம்பத்திரண்டு வாரம் சாய்ந்திருந்தால் அந்தத் தோட்டத்துக்காரிக்குத் தெரியாமல் இருக்குமா என்று கேட்டேன். கேள்விதானே கேட்டேன்.

அன்று சாயங்காலமே விஷயம் வெளியே வந்தது. ஆற்றுப் படங்களை எல்லாம் பெரிதாகப் பிரிண்ட் போட்டு மாட்டி, ஊரைக் கூப்பிட்டுக் காட்டப்போகிறாராம். அதற்குப் பெயர் கண்காட்சியாம். பள்ளிக்கூடத்தில் ஹால் கேட்டிருக்கிறார், தரவில்லை. கல்யாண மண்டபத்தில் சிரித்திருக்கிறார்கள். கடைசியில் வெங்கடம்மாளின் புழு மனை. சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர், வலைச் சன்னல், வெயில் நேராக உள்ளே விழாத வெளிச்சம். படத்துக்கு இதைவிட நல்ல இடம் பெங்களூரிலும் இல்லை என்று பாய் சொன்னாராம்.

அவர் கேட்டதில் ஆச்சரியமில்லை. அவள் ஏன் கொடுத்தாள் என்பதுதான் எனக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

கொடுக்கிற நிலைமையில் அவள் இல்லை. அந்த வருஷம் தை மாதம் அவள் புழு செத்தது. பங்குனியில் செத்தது. வைகாசியில் மறுபடியும் செத்தது. மூன்று தடவையும் ஒரே மாதிரி. மூன்று முறை தோலுரித்து, நான்காவதும் உரித்து, புழு விரல் தண்டி ஆகி, இரவு பகலாக இலை தின்கிற பெரும்பசி வாரம் வரைக்கும் நன்றாக இருக்கும். கூடு கட்ட நாலைந்து நாள் இருக்கும்போது தின்பதை நிறுத்தும். மறுநாள் தட்டு தட்டாகக் கருத்துக் கிடக்கும். பட்டு ஆபீஸிலிருந்து சென்னகிருஷ்ணன் வந்து பார்த்தார். மனையை முகர்ந்தார், தட்டைத் தட்டினார், "அறையில நோய் இல்லம்மா. வாய் வழியாத்தான் ஏதோ போவுது" என்று சொல்லிவிட்டுப் போனார். என்ன போகிறது என்று அவருக்கும் தெரியவில்லை.

கொட்டாய்க்குத் தெரிந்திருந்தது. மூன்று தடவையும் புழு செத்தது அமாவாசைக்கு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோதான். அமாவாசை புழுவுக்கு ஆகாது. வெங்கடம்மாள் எல்லாரையும் போல வளர்பிறையில் நல்ல நாள் பார்த்து முட்டை பொரிக்க வைப்பவள். அப்படி வைத்தால் பெரும்பசி வாரத்தில் அமாவாசை வந்து நிற்கும். மற்றவர்கள் புழுவும் அதே கணக்கில்தான் வளர்ந்தது, அவை சாகவில்லை. அதனால் அமாவாசையோடு அவள் நிலத்துக்கும் ஏதோ தோஷம் என்று முடிவானது.

இதில் நாராயணப்பனுக்கு ஒரு வசதி இருந்தது. நிலம் அண்ணன் தம்பி இருவர் பேரிலும் பிரிக்காமல் கிடந்தது. அண்ணன் செத்தபிறகு வெங்கடம்மாளின் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது. பெங்களூர்க்காரர் ஒருவர் ஷெட் போட இடம் தேடிக்கொண்டிருந்தார். நாராயணப்பன் வாரத்துக்கு ஒரு தடவை வந்து வாசலில் நின்று கேட்பான். வைகாசியில் மூன்றாம் தடவை புழுவைக் குழியில் கொட்டி மூடிய அன்று அவள் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்: "இன்னும் ஒரு தடவ வெக்கறேன். அதுவும் செத்தா செடியப் புடுங்கிட்டு கையெழுத்து போடறேன்." அவள் வழக்கமாகக் கோபத்தைத் தெலுங்கில் பேசுவாள். இதைத் தமிழில் சொன்னாள். அதனால்தான் நாராயணப்பன் நம்பினான்.

கையில் ஒரே ஒரு வாய்ப்பு பாக்கி. இந்த நிலையில் ஒருத்தி மருந்தடித்துக் கழுவிய மனையைத் திறந்து, ஊரையே உள்ளே விடுகிறாள் என்றால் அதன் பின்னால் ஏதாவது இருக்க வேண்டும்.

மறுநாள் ஏதோ சாக்கில் கறிவேப்பிலை கேட்டுப் போனேன்.

"என்னாத்துக்குக்கா இந்த வேலை? ஊரே உள்ளாற வந்து மிதிச்சுட்டுப் போவும்."

"காலக் கழுவிட்டு வரச் சொல்றேன்" என்றாள்.

"பாய்க்கும் உனக்கும் என்ன..." என்று ஆரம்பித்தேன்.

"போட்டோ" என்றாள். கறிவேப்பிலையைக் கொடுத்தாள். கதவைச் சாத்தினாள்.

ஆனி மாதம் இரண்டாம் ஞாயிறு கண்காட்சி. வாசலில் ஒரு தகரத் தட்டில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர். எல்லாரும் அதில் கால் நனைத்துத்தான் ஏற வேண்டும். பக்கத்தில் வெங்கடம்மாளே நின்றாள். வெற்றிலை மென்றவர்களைத் திருப்பி அனுப்பி வாய் கொப்பளித்துவிட்டு வரச் சொன்னாள். தலையில் வாசனை எண்ணெய் மணத்தால் துண்டு கட்டச் சொன்னாள். உள்ளே ஒரு புழுகூட இல்லை. கலையைப் பார்க்க இவ்வளவு சுத்தமாக யாரும் போயிருக்கமாட்டார்கள்.

கொட்டாய் முழுக்க வந்திருந்தது. மணல்காரர்கள் முதலில் வந்தார்கள். தங்கள் வண்டி எந்தப் படத்திலாவது இருக்கிறதா என்று பார்க்க. நிலம் வைத்திருந்தவர்கள் தங்கள் வரப்பு விழுந்திருக்கிறதா என்று பார்க்க. என் வீட்டுக்காரர் பெருமாள் வெளியே டிராக்டரை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வர அவருக்கு இஷ்டமில்லை. நான் எதற்கு வந்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. பதினான்கு வருஷம் வலை வழியாகப் பார்த்த மனை அல்லவா?

படங்களை மாட்டியிருந்தது சந்திரிகையில். புழு கூடு கட்டுவதற்காக மூங்கில் பட்டையைச் சுருள் சுருளாகப் பின்னிய பெரிய தட்டி அது. ஆள் உயரம் இருக்கும். பன்னிரண்டு சந்திரிகைகளைச் சுவரோரமாக நிறுத்தி, ஒன்றுக்கு நான்கோ ஐந்தோ படங்கள், துணி கிளிப்பில். எல்லாம் கறுப்பு வெள்ளை. ஒரே வளைவு. ஆவணியில் ஆறு கரை தட்டி ஓடியது. ஐப்பசியில் மரத்தின் கால்வரை தண்ணீர். மார்கழியில் பாறைகள் முதுகு காட்டின. பங்குனியில் ஆறு ஓர் ஓடை. ஐம்பத்திரண்டு ஞாயிறும் வரிசையாக நின்றன. தினமும் பார்க்கிற ஆறுதான். ஆனால் அப்படி வரிசையாக நிற்கும்போது யாரோ நம்மைக் கூப்பிட்டு வைத்து வாக்குமூலம் கொடுப்பது போல இருந்தது.

அப்படி வரிசையாக மாட்டுவது கௌஸ் மொய்தீனுக்குப் பிடிக்கவில்லை என்று அவர் மனைவி தில்ஷாத் என்னிடம் சொன்னாள். "அழகா இருக்கறத முன்னால வெக்கணும்னு இவரு. மாசம் மாசமா மாட்டினாத்தான் எடம் தருவேன்னு அந்தம்மா. கடைசில அந்தம்மாதான் ஜெயிச்சாங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "கல்யாண ஆல்பம் பாக்க வர்றவங்ககிட்ட எல்லாம் மொதல்ல நுரையக் காட்டறாருக்கா. பொண்ணு வீட்டுக்காரங்க எந்திரிச்சுப் போயிடறாங்க" என்றாள்.

நுரை என்றது உண்மை. மார்கழி முதல் வைகாசி வரை மாதத்துக்கு ஒரு படத்தில், வளைவிலே கற்களுக்கு நடுவே வெள்ளையாகக் குவிந்து கிடந்தது. பாய்க்கு அதன் மேல்தான் கொள்ளை ஆசை. அந்த ஆறு படங்களை மட்டும் மற்றதைவிடப் பெரிதாகப் போட்டிருந்தார். யார் வந்தாலும் அதன் முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்.

"பாருங்க, மேகம் கீழ எறங்கி வந்து உக்காந்த மாதிரி இல்ல?"

"சோப்பு நுரை மாதிரி இருக்குது பாய்" என்றார் ஒருவர்.

"அதுவும் சொல்லலாம்" என்றார் பாய், மனம் வருந்தாமல்.

அந்த ஆறு படங்களின் கீழே மட்டும் மூங்கிலில் கரியால் ஒரு வட்டப் புள்ளி வைத்திருந்தது. தினக் காலண்டரில் அமாவாசைக்குப் போடுகிற அதே கருப்பு வட்டம். நான் வெங்கடம்மாளைப் பார்த்தேன். அவள் வாசலிலிருந்து உள்ளே வந்திருந்தாள். கதவுக்குப் பக்கத்தில் கை கட்டி நின்றாள். எல்லாரும் படத்தைப் பார்த்தார்கள். அவள் எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முகமாக. இலையில் புழு பொறுக்குகிற மாதிரி.

அடுத்தவர் முகத்தைப் பார்ப்பது இந்தக் கொட்டாயில் என் வேலை. அதை இன்னொருத்தி செய்வதைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. இவள் கண்காட்சி நடத்தவில்லை, பொறி வைத்திருக்கிறாள்.

"இதென்னாக்கா பொட்டு?" என்று யாரோ கேட்டார்கள்.

"அமாவாசை" என்றாள் வெங்கடம்மாள். "அதுக்கு அடுத்து வந்த ஞாயித்துக்கெழமை எடுத்தது. ஆறு அமாவாசைக்கும் ஆத்துல நுரை. மூணு அமாவாசைக்கு எம் புழு செத்துது. நான் எலைய ஈரச் சாக்குல மூடி வெக்கறேன். அந்தச் சாக்க நனைக்கறது இந்தத் தண்ணில. வளைவுக்குக் கீழதான் எம் மோட்டார். யாரு என்னாத்தப் போடறீங்கன்னு தெரியணும்."

சாதாரண ஊராக இருந்தால் அங்கே ஒரு சத்தம் கிளம்பியிருக்கும். எங்கள் ஊர் யோசித்தது. யோசித்துவிட்டு, பின் வரிசையில் ஒரு கிழவர், "ஆமாங்கறேன். அமாவாசைன்னா ஆறே நுரை தள்ளுதே. புழு எம்மாத்திரம்?" என்றார்.

அவ்வளவுதான். எல்லார் தலையும் ஆடியது. அவள் ஆதாரம் என்று மாட்டியது தோஷத்துக்கு ஆதாரமாகிவிட்டது. அமாவாசையில் ஆறே இப்படி ஆகிறது, படமே இருக்கிறது, பாய் பொய்யா சொல்வார்? நாராயணப்பன் இதற்காகவே காத்திருந்தவன் போல முன்னால் வந்தான். பின்னாலேயே பெங்களூர்க்காரரும் இருந்தார். கால் நனைத்ததில் அவர் பேன்ட் முட்டிவரை ஈரம்.

"இன்னொரு தடவ எதுக்கு அண்ணி? ஆறே சொல்லுது. நெலம் ஆவாதுன்னு போட்டோ புடிச்சு மாட்டிட்டீங்க. பேப்பர் கையிலதான் இருக்குது. இன்னிக்கே முடிச்சிடலாம்."

"ஒரு தடவ பாக்கின்னு சொன்னேன்" என்றாள் வெங்கடம்மாள். குரல் பழைய குரல் இல்லை. அவள் பொறியில் அவளே கால் வைத்துவிட்டாள், அது அவளுக்கே தெரிந்தது.

அப்போதுதான் நாராயணப்பன் பங்குனி மாதத்துப் பெரிய படத்துக்குப் பக்கத்தில் குனிந்தான். ஓரத்தில், கரையில் ஒரு முள்புதர். புதரில் ஒரு துணி மாட்டிக்கொண்டிருந்தது.

"இதென்னா, பொடவையா?"

கூட்டம் மொத்தமும் புதருக்கு நகர்ந்தது. ஆள் இல்லாத ஐம்பத்திரண்டு படங்களில் ஆள் இருந்த அடையாளம் அது ஒன்றுதான். பாதிப் புடவை. பெரிய கட்டம், கட்டத்துக்குள் புள்ளி.

"ஞாயித்துக்கெழம காலைல ஆத்து வளைவுல யாரு பொடவை?" என்று நாராயணப்பன் மெதுவாகக் கேட்டான். கேட்டுவிட்டு அண்ணியைப் பார்த்தான். பிறகு பாயைப் பார்த்தான். வேலியில் சாய்ந்த சைக்கிள் எல்லார் நினைவிலும் இருந்தது. அதற்கு நானும் உழைத்திருக்கிறேன். "சைக்கிள் இங்க, பொடவை அங்க" என்று ஒரு பெண் என் காதருகில் சொன்னாள். நிலம் போவது மட்டுமில்லை, அவள் மானமும் இந்த மனையிலிருந்து அப்படியே கொட்டாய் முழுக்கப் போகப்போகிறது என்று தெரிந்தது. நாளைக் காலைக்குள் கெலமங்கலம் வரை போய்விடும். எவ்வளவு நேரத்தில் எங்கே போகும் என்ற கணக்கு எனக்கு அத்துப்படி.

அந்தப் புடவையை நான் போன வருஷம் சித்திரையில் கெலமங்கலம் சந்தையில் எடுத்தேன். இரண்டு துவைப்பில் சாயம் போனது. கிழித்து ஒரு பாதியை என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். எதற்கு?

டேங்கர் துடைக்க. முலாம் பூசுகிற பட்டறைகளில் மிஞ்சுகிற அழுக்குத் தண்ணீரை டிராக்டர் டேங்கரில் ஏற்றிப் போய், கெலமங்கலம் ரோட்டுக்கு அந்தாண்ட இருக்கிற குழியில் கொட்டுவது அவர் தொழில். தண்ணீர் குழிக்குத்தான் போகும். டேங்கர் அடியில் வண்டல் தங்கும். மாதம் ஒருமுறை அமாவாசைக்கு எல்லா வண்டிக்காரர்களும் வண்டிக்குப் பூஜை போட்டுப் பூசணிக்காய் உடைப்பார்கள். சாமி முன்னால் அழுக்கு வண்டியை நிறுத்துவதா என்று சண்டை பிடித்து, அமாவாசைக்கு முதல் நாள் வண்டியை ஆற்றுக்கு அனுப்புகிறவள் நான். உள்ளே அமிலம் போட்டுத் தேய்த்து, வண்டலோடு கழுவிவிட வேண்டும், சும்மா மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தால் வீட்டுக்குள் விடமாட்டேன் என்று சொல்கிறவளும் நான். மழைக்காலத்தில் ஆறு அடித்துக்கொண்டு போயிருக்கும். மார்கழியிலிருந்து போக இடமில்லை.

பத்து நொடியில் இவ்வளவும் எனக்கு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். யாருக்கும் தெரியாது. வெங்கடம்மாள்கூட அந்த நேரம் என்னைப் பார்க்கவில்லை; தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் மனசாட்சி எழுந்தது என்று எழுத ஆசைதான். அதுவும் கொஞ்சம் இருந்திருக்கலாம். ஆனால் நடந்தது வேறு. எனக்கு மட்டும் சரியாகத் தெரிந்த ஒரு விஷயத்தை, என் கண் முன்னாலேயே, இத்தனை பேர் தப்பாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதை என்னால் தாங்க முடியவில்லை.

"அது என் பொடவை" என்றேன்.

எல்லார் முகமும் திரும்பியது. அடுத்த கணமே நான் எங்கே வந்து நிற்கிறேன் என்று புரிந்தது. பாயை ஒரு தடவை பார்த்தார்கள், என்னை ஒரு தடவை பார்த்தார்கள். தில்ஷாத் என் பக்கத்திலிருந்து ஓரடி நகர்ந்தாள்.

"உன் பொடவ அங்க எதுக்கு சரோஜா போச்சு?" என்றான் நாராயணப்பன்.

இரண்டு வழி இருந்தது. ஒன்று, காரணம் சொல்லாமல் விட்டுவிட்டு, சாகும்வரை ஆற்று வளைவுக்காரி என்று பெயர் வாங்குவது. இன்னொன்று, வெளியே டீ குடித்துக்கொண்டிருக்கிற மனிதரைக் காட்டிக்கொடுப்பது. எந்த மனைவியும் அதிக நேரம் யோசித்திருக்கமாட்டாள்.

"எங்க வீட்டுக்காரரு டேங்கர் தொடைக்க எடுத்துட்டுப் போனாரு. அமாவாசைக்கு மொத நாளு அந்த வளைவுலதான் டேங்கரக் கழுவறாரு. நான்தான் கழுவச் சொன்னேன். தோஷமும் இல்ல, ஒண்ணியும் இல்ல. பட்டறை வண்டலு."

வெங்கடம்மாள் தலை நிமிர்ந்தாள். என்னிடம் வந்தாள். அறைவாள் என்று நினைத்தேன்.

"எல்லா அமாவாசைக்குமா?"

"ஆமாக்கா."

"மொத நாளா, அன்னிக்கா?"

"மொத நாளு மத்தியானம்."

"ஆசிட் போட்டா?"

"போட்டு."

அவள் உதடு அசைந்தது. தை, பங்குனி, வைகாசி என்று அவள் எண்ணுவது எனக்குத் தெரிந்தது. பிறகு கொழுந்தன் பக்கம் திரும்பினாள். தெலுங்கில் ஆரம்பித்தாள். நிறுத்தாமல் பேசினாள். பெங்களூர்க்காரர் ஒன்றும் புரியாமல் கன்னடத்தில் நாராயணப்பனிடம் என்னவென்று கேட்டார். நாராயணப்பன் மொழிபெயர்க்கவில்லை. இருவரும் செருப்பை மாட்டாமலே வெளியே போனார்கள்.

வீட்டில் என்ன நடந்தது என்பதையும் சொல்கிறேன். மற்றவர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறவள் தன் வீட்டை மறைக்கக்கூடாது. பெருமாள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சோற்றைப் பிசைந்தபடி, "சாமி முன்னால அழுக்கு வண்டிய நிறுத்தறதான்னு கேட்டவ யாரு?" என்றார்.

"நான்தான்."

"ஊருக்கு முன்னால என்ன நிறுத்துனவ யாரு?"

அதற்கும் அதே பதில்தான். குழம்பு ஊற்றினேன்.

கொட்டாய்க்கு நல்ல தீனி கிடைத்தது. தண்ணிக் குழாயடியில் நான் போனால் பேச்சு நிற்கும். முன்பெல்லாம் நான் போனால்தான் பேச்சு ஆரம்பிக்கும். பெருமாள் வண்டி எங்கே நிற்கிறது, எப்போது கிளம்புகிறது என்று ஆளாளுக்குக் கணக்கு வைத்தார்கள். ஒருத்தி தன் வீட்டுச் சுவரில் புதிதாக ஒரு சன்னல் இடித்தாள். எங்கள் பக்கமாக.

வெங்கடம்மாள் ஆனி வளர்பிறையில் நான்காம் தடவை புழு வைத்தாள். மனைக் கதவைச் சாத்தினாள். வழக்கம் போல யாரையும் விடவில்லை. என்னிடம் ஒரே ஒரு நாள் வேலியோரம் நின்று பேசினாள்.

"வர்றது ஆடி அமாவாசை."

"தெரியும்க்கா."

"பெரிய பூசையாச்சே. எல்லா வண்டியும் பளபளன்னு நிக்கும்."

அவ்வளவுதான். போய்விட்டாள். அவள் என்னை நம்பவில்லை. நானும் என் வீட்டுக்காரரை நம்பவில்லை. கழுவமாட்டேன் என்று அவர் சொல்லியிருந்தார். ஆனால் டேங்கர் அடியில் ஒரு சாண் வண்டல் நின்றது, குழி பதினொரு கிலோமீட்டர், ஆறு அரை கிலோமீட்டர்.

அமாவாசைக்கு முதல் நாள் மத்தியானம் அவர் டிராக்டரைக் கிளப்பினார். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மட்கார்டு மேல் ஏறி உட்கார்ந்தேன்.

"எங்க?" என்றார்.

"நீங்க எங்க போறீங்களோ அங்க."

கொட்டாய் முடிகிற இடத்தில் பாதை பிரியும். இடது பக்கம் ஆறு, வலது பக்கம் கெலமங்கலம் ரோடு. பிரிகிற இடத்தில் வெங்கடம்மாள் நின்றிருந்தாள். பெரும்பசி வாரத்தில், மனையை விட்டு ஒரு நிமிஷம் நகர முடியாதவள், தலையில் இலைக் கட்டோடு ரோட்டில் நின்றாள். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெருமாள் பிரேக் போட்டார். என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் அந்தப் பக்கம்தான் போறேன்" என்று சொல்லி வலது பக்கம் ஒடித்தார்.

பதினொரு கிலோமீட்டர் போக, பதினொரு கிலோமீட்டர் வர. என் இடுப்பு இரண்டு நாள் வேலை செய்யவில்லை. மறுநாள் பூஜையில் எங்கள் டேங்கர்தான் எல்லாவற்றிலும் அழுக்கு. சாமி ஒன்றும் சொல்லவில்லை.

அமாவாசை போனது. மறுநாள் போனது. நான் சன்னலை விட்டு நகரவில்லை. குழி வெட்ட மண்வெட்டி எடுக்கிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் அவள் சந்திரிகைகளை ஒவ்வொன்றாக உள்ளே தூக்கிக்கொண்டு போனாள். புழு கூடு கட்ட ஏறத் தொடங்கியதும்தான் சந்திரிகை உள்ளே போகும்.

ஒரு வாரம் கழித்து மனைக் கதவு திறந்தது. பன்னிரண்டு சந்திரிகையும் முற்றத்தில் வெயிலுக்கு வந்தன. மூங்கில் தெரியவில்லை. சுருளுக்குச் சுருள் மஞ்சள் கூடு. நான் வேலியோரம் போனேன். அவள் கூடு பிரித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"எத்தன கிலோ வரும்க்கா?"

"உங்கிட்ட சொன்னா ஊரெல்லாம் போயிடும்."

அவள் இன்னும் இரண்டு கூட்டைப் பிரித்துக் கூடையில் போட்டாள்.

"அறுபதுக்கு மேல" என்றாள். "போய்ச் சொல்லு. நாராயணப்பன் வூட்டுல இருந்து ஆரம்பி."

அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. அதை இறக்கிவைக்காமலே கிளம்பினேன்.